மண்ணும் இரவும்: பாலைவனக் கட்டடக்கலை புதுச்சேரிக்கு வந்த வழி

அரபு மொழியில் வீட்டைக் குறிக்கும் சொற்களுள் முதன்மையானது 'பைத்'. 'இரவைக் கழித்தல்' என்னும் பொருள்தரும் வினையும் இச்சொல்லும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. பகலெல்லாம் மந்தையோடும் வணிகச் சாத்தோடும் வெட்டவெளியில் திரிந்த மக்கள், எங்கே இரவைக் கழித்தார்களோ அதனையே வீடென்று அழைத்தனர். 'மஸ்கன்' என்பது மற்றொரு சொல். அமைதியைக் குறிக்கும் 'ஸுகூன்', 'ஸகீனத்' ஆகியவற்றோடு அது வேர் உறவுடையது. திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயம் 80ஆம் வசனத்தில் இல்லம் அமைதி பெறும் இடமாகவே, இறைவனின் அருட்கொடைகளுள் ஒன்றாகச் சுட்டப்படுகிறது.

ஒரு கட்டடத்தை எதனைக் கொண்டு மதிப்பிடுவது என்னும் வினாவிற்கு இச்சொற்களிலேயே விடை உண்டு. பகலில் அதனைச் சுற்றிப் பார்ப்பதும் படம் எடுப்பதும் எளிது. அதனுள் ஓர் இரவைக் கழித்தால்தான் சுவர் வெப்பத்தை என்ன செய்கிறது, காற்று எவ்வழியே வருகிறது, உறக்கம் கிட்டுகிறதா என்பது தெரியும். அமெரிக்காவின் அரிசோனாப் பாலை நிலத்தில் பாவ்லோ ஸோலெரி 1970இல் கட்டத் தொடங்கிய ஆர்கோஸாண்டி என்னும் சோதனை நகரில் பார்வையாளர்கள் இரவு தங்க அறைகள் உள்ளமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். அத்தகைய ஒரு சோதனைக் களம் நமக்கு அண்மையில், புதுச்சேரியிலிருந்து பத்துக் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கே எழுந்த மண் கட்டடங்களின் தாய்வழி முஸ்லிம்கள் வாழும் பாலைவனக் கிராமங்களைச் சென்றடைகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நூபியக் கொத்தர்களின் கொடை

மண்ணால் கட்டுவது நமக்குப் புதிதன்று. மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் எழுப்பிய பள்ளிவாசலின் சுவர்கள் வெயிலில் உலர்ந்த பச்சைச் செங்கற்களால் ஆனவை. தூண்கள் பேரீச்ச மரங்கள். கூரை பேரீச்ச ஓலை. ரமழான் மாதத்து ஓர் இரவில் மழை பெய்து கூரை ஒழுகியதையும், நபியவர்களின் நெற்றியில் சேற்றின் அடையாளம் தெரிந்ததையும் அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. மண் கட்டடத்தின் எளிமைக்கும் அதன் குறைபாட்டிற்கும் அந்த ஓர் இரவே சான்று. மண்ணுக்கு முதற்பகை நீர். இரண்டாவது இடர், கூரைக்கு வேண்டிய மரம் பாலைவனத்தில் கிட்டாமை.

இவ்விரண்டாவது இடருக்கு எகிப்தின் தென்பகுதியிலுள்ள நூபிய மக்கள் பன்னெடுங்காலத்திற்கு முன்பே தீர்வு கண்டிருந்தனர். அலெக்ஸாந்திரியாவில் 1900இல் பிறந்த ஹஸன் ஃபத்ஹீ என்னும் கட்டடக்கலைஞர், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மரமும் இரும்பும் அருகிய நிலையில் மண் கூரை அமைக்க முயன்றார். கட்டிய வளைவுகள் இடிந்து விழுந்தன. நூபியக் கொத்தர்கள் சாரமின்றியே வளைகூரை எழுப்புகிறார்கள் என்று அவருடைய தமையனார் தெரிவிக்க, 1941இல் அஸ்வான் பகுதிக்குச் சென்று அதனை நேரில் கண்டார்.

அவர்களுடைய முறை இது: அறையின் பின்சுவரின் மேல் வளைவின் வடிவத்தைக் களிமண்ணால் வரைவார்கள். வைக்கோல் கலந்த இலேசான பச்சைச் செங்கற்களை அச்சுவரின் மீது சாய்த்து ஒட்டுவார்கள். முதல் வளைவு சுவரில் சாயும். அடுத்த வளைவு முதல் வளைவின் மீது சாயும். ஒவ்வொரு வரிசையும் தனக்கு முந்தையதைப் பற்றிக்கொண்டு நிற்பதால், கீழே சென்ட்ரிங் எனப்படும் தாங்கல் சட்டம் தேவைப்படுவதில்லை. இரு முனைகளிலும் பிடித்துத் தொங்கவிட்ட சங்கிலியின் வளைவைத் தலைகீழாக்கினால் எவ்வடிவம் வருமோ, அதனையே அக்கொத்தர்கள் கண்ணளவாலேயே கட்டினர். அவ்வடிவத்தில் சுமை முழுவதும் அழுத்தமாகவே கீழிறங்கும். மண் தாங்கவல்லது அழுத்தத்தையே.

இக்கலையைக் கொண்டு ஃபத்ஹீ 1945 முதல் லக்ஸருக்கு அருகே புதிய குர்னா கிராமத்தைக் கட்டினார். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ பாலை நிலத்தில் தாருல் இஸ்லாம் பள்ளிவாசலை எழுப்பவும் நூபியக் கொத்தர்களையே உடன் அழைத்துச் சென்றார்.

செம்மண் மேட்டில்

பாலை என்பது இயற்கையாக அமைந்த நிலமன்று; முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பிழந்து திரிவதே பாலை என்பது தமிழ் மரபு. 1968 பெப்ரவரி 28ஆம் நாள் ஆரோவில் நகரத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது, அந்நிலம் இவ்விலக்கணத்திற்கு முழுமையாகப் பொருந்தியது. காடு அழிந்து, மழைநீர் மேல்மண்ணை வாரிக் கடலில் சேர்த்து, செம்மண் பள்ளங்களாகப் பிளந்து கிடந்த மேடு அது. முதலில் குடியேறியவர்கள் வரப்புக் கட்டி நீரைத் தடுத்தும் மரங்களை நட்டும் அதனை மீட்டனர். நகரின் வடிவமைப்பாளர் பிரெஞ்சுக்காரரான ரோஜர் ஆங்ஜே. 50,000 பேருக்கெனத் திட்டமிடப்பட்ட அந்நகரில் அரை நூற்றாண்டு கடந்தும் மூவாயிரத்தையொட்டிய மக்களே வாழ்கின்றனர். நகரமாக அது வளர்ந்ததை விடக் கட்டடக்கலையின் சோதனைக் களமாக வளர்ந்ததே மிகுதி.

அங்குள்ள விருந்தினர் இல்லங்களில் கீற்றுக் குடில்கள் உண்டு. கான்கிரீட் அறைகளும் மண்கல் அறைகளும் உண்டு. மண்கல் என்பது சுட்ட செங்கலன்று. தோண்டிய செம்மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமெண்டு சேர்த்து, கையால் இயக்கும் பொறியில் அழுத்தி, நான்கு வாரம் நீர் தெளித்துப் பதப்படுத்திய கல் அது. சூளையும் விறகும் வேண்டா. மழையில் கரையும் குறையை அச்சிறிதளவு சிமெண்டு போக்குகிறது. மண் எடுத்த பள்ளம் நீர்த்தொட்டியாகவோ நிலவறையாகவோ பயன்படுகிறது.

1989 முதல் ஸத்பிரேம் மைனியின் வழிகாட்டலில் இயங்கும் ஆரோவில் மண் கட்டடப் பயிலகம் இத்தொழில்நுட்பத்தை வளர்த்தெடுத்தது. நூபிய வளைகூரை முறையையும் அது கற்பித்து வருகிறது. அதனை மேலும் விரிவாக்கியும் இருக்கிறது. இக்கற்களால் எழுந்த ஆரோவில் பார்வையாளர் மையத்தின் வளைவுகளையும் குவிமாடங்களையும் காண்போர் வடஆப்பிரிக்க ஊரொன்றை நினைவுகூர்வர். சுமார் 1,200 சதுர மீட்டர் பரப்புள்ள அம்மையத்திற்கு 1992இல் கிடைத்த விருது ஹஸன் ஃபத்ஹீயின் பெயரால் ஏழைகளுக்கான கட்டடக்கலைக்கு வழங்கப்படுவது. மூலவரின் பெயரிலேயே மாணாக்கருக்குப் பரிசு வந்தது.

புதுச்சேரிக்குப் பாலைவனத்திலிருந்து மற்றொரு பாதையும் உண்டு. தெஹ்ரானில் 1936இல் பிறந்த நாதிர் கலீலீ, 1970களின் நடுவில் தம் தொழிலைத் துறந்து, மோட்டார் சைக்கிளில் ஈரானியப் பாலைவனக் கிராமங்களைச் சுற்றிவந்தார். மழையிலும் நிலநடுக்கத்திலும் சிதையும் மண் வீடுகளைக் கண்டு, குயவர் பானையைச் சுடுவதுபோல் முழு வீட்டையும் சுட்டெடுத்தால் என்ன என்று அவர் எண்ணினார். மௌலானா ரூமியின் கவிதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் அவரே. மண், நீர், காற்று, நெருப்பு ஆகியவற்றை ஒருங்கிணைத்தலே கட்டடம் என்பது அவர் கொள்கை.

கலீலீயின் இவ்வெண்ணம் புதுச்சேரியில் செயல்வடிவம் பெற்றது. கட்டடக்கலை பயின்று மட்பாண்டக் கலைஞராகி, 1971இல் டெபொரா ஸ்மித்துடன் இந்நகரில் கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடத்தை நிறுவிய அமெரிக்கரான ரே மீக்கர், 1980களின் நடுப்பகுதி முதல் 1990களின் இறுதி வரை இத்தகைய வீடுகளைக் கட்டிச் சுட்டார். பச்சைச் செங்கல்லால் வளைகூரை வீட்டை எழுப்பி, உள்ளே செங்கல், ஓடு முதலியவற்றை அடுக்கி, வெளியே வெப்பம் போகாமல் போர்த்தி, சில நாள்கள் தொடர்ந்து தீயிட்டார். வீடே சூளை, சூளையே வீடு. ஆனால் உள்ளே சுட்ட பொருள்களின் விலை எரிபொருட் செலவை ஈடுசெய்தாலன்றி அம்முறை கட்டுப்படியாகாது என்பதும் அச்சோதனைகளால் தெளிவாயிற்று.

இரவு கூறும் தீர்ப்பு

பாலைவனத்தில் மண் சுவரின் சிறப்பு அதன் தாமதத்தில் இருக்கிறது. ஒன்றரை அடிக் கனமுள்ள சுவரின் வெளிப்புறம் நண்பகலில் ஏற்கும் வெப்பம் உட்புறத்தை அடைய ஏறத்தாழ 8 முதல் 12 மணி நேரம் ஆகும். ஆகவே பகலில் அறை குளிர்ந்திருக்கும். இரவில் வெளியே குளிர் நடுக்கும்போது, சுவர் தான் சேமித்த வெப்பத்தை உள்ளே தரும். பகலுக்கும் இரவுக்கும் 15 பாகை வேறுபாடுள்ள நாட்டில் இது பெருங்கொடை.

சோழமண்டலக் கடற்கரையிலோ நிலைமை வேறு. கத்திரி வெயிலில் புதுச்சேரியின் பகல் வெப்பம் 37 பாகையை எட்டினாலும், இரவில் அது 27 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. காற்றில் ஈரம் மிகுதி. பாலைவனத்தில் நன்மை செய்த அதே தாமதம் இங்கே இரவு பத்து மணிக்குச் சுவரை வெதுவெதுப்பாக்கி உறக்கத்தைக் கெடுக்கவல்லது. ஈரக் காற்றில் உடல் குளிர வேண்டுமாயின் வியர்வையின்மீது காற்று வீச வேண்டும். ஆகவே இக்கரையில் சுவரைவிடச் சன்னலே முதன்மை பெறுகிறது. கனத்த சுவரைக் கடன் வாங்குவோர், அதற்கு நிழலும், எதிரெதிர்த் திறப்புகளும், வெப்பக்காற்று வெளியேற உச்சியில் ஒரு வழியும் சேர்த்தே கட்ட வேண்டும். ஆரோவில்லின் நல்ல மண்கல் வீடுகள் அவ்வாறே கட்டப்பட்டுள்ளன.

இவ்வுண்மையை ஆரோவில்லுக்கு முப்பது ஆண்டுகள் முன்பே எடுத்துக்காட்டிய கட்டடம் புதுச்சேரி நகருக்குள்ளேயே இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் விடுதியான 'கோல்கொண்டே' 1930களின் இறுதியில் தொடங்கி 1940களில் நிறைவுற்றது. செக் நாட்டில் பிறந்த அந்தோனின் ரேமண்ட் வடிவமைக்க, ஜார்ஜ் நாகஷிமாவும் ஃபிரான்டிஷெக் ஸாமரும் கட்டிமுடித்தனர். இந்தியாவின் தொடக்ககால நவீன கான்கிரீட் கட்டடங்களுள் ஒன்றான அதில் கண்ணாடிச் சன்னல் இல்லை. வடக்கு, தெற்குச் சுவர்கள் முழுவதும் திறந்து மூடத்தக்க கிடைமட்டத் தகடுகள். வெயிலையும் மழையையும் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடுபவை. அறைக் கதவுகளோ இடைவெளியிட்ட தேக்குச் சட்டங்களால் ஆனவை. உள்ளிருப்போரின் மறைவும் கெடாது, காற்றும் தடைபடாது. கெய்ரோ வீடுகளின் மஷ்ரபிய்யா மரச்சல்லடை செய்யும் பணியும் இதுவேயாகும்.

இக்கட்டடத்தின் பெயர்க் காரணம் நம் கவனத்திற்குரியது. அதற்கான பொருளுதவி ஐதராபாத் நிஜாம் அரசிடமிருந்து, அரவிந்தர்பால் மதிப்புக் கொண்டிருந்த ஸர் அக்பர் ஹைதரியின் வழியாகக் கிடைத்தது. ஸுலைமானி போஹ்ரா குடும்பத்தில் பிறந்து, உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் உருவாக்கத்தில் பெரும்பங்காற்றி, 1937 முதல் 1941 வரை ஐதராபாத்தின் பிரதம அமைச்சராக விளங்கியவர் அவர். அந்த நன்றிக்கடனாகவே குதுப் ஷாஹிகளின் தலைநகரான கோல்கொண்டாவின் பெயர் பிரெஞ்சு ஒலிப்பில் இவ்விடுதிக்குச் சூட்டப்பட்டது.

ரியாதுக்குத் திரும்பிய மண்

2004இல் இக்கலையின் பயணம் ஒரு வட்டத்தை நிறைவு செய்தது. ரியாதின் மன்னர் அப்துல் அஸீஸ் வரலாற்று மையத்தில் அல் மெதி பள்ளிவாசலை அழுத்திய மண்கற்களால் எழுப்பும் பொறுப்பு ஆரோவில் மண் கட்டடப் பயிலகத்திற்கு வந்தது. சுமார் 430 சதுர மீட்டர் பரப்புள்ள அப்பள்ளி ஏழு வாரங்களில் எழுந்தது. பாலைவன மக்களிடமிருந்து கிளம்பிய அறிவு, புதுச்சேரிச் செம்மண்ணில் புதுப்பிக்கப்பெற்று, பாலைவனத்துப் பள்ளிவாசலாகவே திரும்பிச் சென்றது. அதே ஆண்டில் நாதிர் கலீலீயின் மண்மூட்டைப் புகலிடங்கள் ஆகா கான் கட்டடக்கலை விருதைப் பெற்றன.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. ஃபத்ஹீயின் புதிய குர்னாவில் குடியேற மக்கள் மறுத்தனர். தங்கள் பிழைப்பு பழைய ஊரைச் சார்ந்திருந்தது ஒரு காரணம். குவிமாடம் அவர்களுக்குக் கல்லறையை நினைவூட்டியது மற்றொன்று என்பர். கட்டடத்தில் ஓர் இரவு தங்கும் விருந்தினரின் வியப்பு வேறு. வாழ்நாளின் இரவுகளையெல்லாம் அங்கே கழிப்பவரின் தேவை வேறு. பின்னவரைக் கேளாத சோதனை, எத்துணை அழகாயினும், 'பைத்' என்னும் சொல்லின் பொருளை எட்டுவதில்லை.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். புதுச்சேரியின் முல்லா வீதியிலும் காஜியார் வீதியிலும், காரைக்காலிலும், காயல்பட்டினத்திலும், கீழக்கரையிலும் இன்றும் எஞ்சியுள்ள பழைய வீடுகளின் திண்ணையும், முற்றமும், சுண்ணாம்புச் சுவரும், உயர்ந்த கூரையும் பல தலைமுறைகள் இரவைக் கழித்துத் தேர்ந்த தீர்வுகள். வளைகுடாவில் உழைத்து ஈட்டிய பொருளால் அவற்றை இடித்துவிட்டு, அங்கே கண்ட கண்ணாடி முகப்புகளை இங்கே நிறுவுகிறோம். பள்ளிவாசல்களும் அவ்வழியே குளிர்சாதனத்தை நம்பி மூடப்படுகின்றன. மண்ணால்தான் கட்ட வேண்டும் என்பதன்று வாதம். புதிய பள்ளியின் வரைபடம் ஜமாஅத்தின் முன் வைக்கப்படும்போது பொறியாளரிடம் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு: ரமழான் இரவில் மின்சாரம் நின்றுபோனால், தராவீஹ் தொழுகையின் கடைசி ஸஃப்பில் நிற்கும் முதியவருக்கு எந்தத் திறப்பின் வழியே காற்று வரும்?