ஐப்பசி மழை பார்க்காத வீடு

குன்னூரில் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் முடித்தவரிடம் அடுத்த செலவு என்னவென்று கேட்டால் மாடுலர் கிச்சன், ஜன்னலுக்குத் திரை, கேட்டுக்கு இன்னொரு கோட் பெயின்ட் என்று அடுக்குவார். வீட்டுக்குப் பின்னால் மண்ணைத் தாங்கி நிற்கும் தடுப்புச்சுவரும் அதன் காலடியில் ஓடவேண்டிய கால்வாயும் அந்தப் பட்டியலில் அநேகமாக இருக்காது. கடைசிக் கட்டத்தில் கைப்பணம் குறையும்போது, ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விடப்படுபவையும் இவைதான். மலையில் புது வீட்டுக்காரருக்கு முதல் ஆண்டில் உள்ள தலையாய வேலை தண்ணீருக்கு வழி செய்வதும், அந்த வழி அடைபடாமல் பார்த்துக்கொள்வதும்தான். உள் அலங்காரமெல்லாம் ஒரு வருடம் காத்திருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

இதற்குக் காரணம் ஊரின் இருப்பிடம். சுமார் 6,000 அடி உயரத்தில், நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருக்கிறது குன்னூர். கூடலூர்ப் பக்கத்தைத் தென்மேற்குப் பருவமழை நனைப்பதுபோல, குன்னூரை நனைப்பது ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழை. அடியில் கெட்டியான சார்னோகைட் பாறை. அதன் மேல் அந்தப் பாறையே காலப்போக்கில் நைந்து உண்டான செம்மண் கனமாகப் படிந்திருக்கிறது. இந்த மண் காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். நீர் ஊறினால் பிடிப்பு தளர்ந்து சரியும். 1993 நவம்பரில் மரப்பாலத்தில் மேட்டுப்பாளையம் சாலையை அடித்துச் சென்றது இப்படிப்பட்ட சரிவுதான். 2009 நவம்பர் 10 அன்று குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவிலுள்ள கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பதிவானது. அந்த மழையில் மாவட்டம் முழுவதும் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த அளவு மழை 1,000 சதுர அடிக் கூரை ஒன்றின் மேல் பெய்தால் 76,000 லிட்டர் வரும். ஆறு டேங்கர் லாரித் தண்ணீர், ஒரே நாளில், ஒரே கூரையிலிருந்து. அதைக் கொண்டுபோக ஒரு குழாயும் கால்வாயும் இருக்கிறதா, அந்தக் கால்வாய் எங்கே போய் முடிகிறது என்பதைப் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் ஒருமுறைகூட நடந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

தடுப்புச்சுவரின் கணக்கு இன்னும் கடுமையானது. பத்தடி உயரச் சுவருக்குப் பின்னால் நீர் முழுவதுமாகத் தேங்கினால், ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் நாலரை டன் விசையை அந்தத் தண்ணீர் மட்டுமே கொடுக்கிறது. மண்ணின் அழுத்தம் தனி. சுவரின் உயரம் இரட்டிப்பானால் விசை இரண்டு மடங்கோடு நிற்காது, நான்கு மடங்காகும். அதாவது இருபதடிச் சுவரில் மீட்டருக்குப் பதினெட்டு டன். சுவரில் ஆங்காங்கே விடப்படும் நீர்க்கசிவுத் துளைகள் இந்தத் தண்ணீரை வெளியேற்றத்தான் இருக்கின்றன. சுவர் அழகாகத் தெரியவேண்டும் என்று அவற்றின் மேல் சிமென்ட் பூசுவது, துளைக்குப் பின்னால் ஜல்லி போடாமல் களிமண்ணை அள்ளிக் கொட்டுவது, இரண்டும் சாதாரணமாக நடக்கின்றன. மலையடிவாரத்தில், மேட்டுப்பாளையத்தை ஒட்டிய நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை மழையில் ஒரு வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் கீழே இருந்த வீடுகள் மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். இறந்தவர்கள் தலித் மக்கள். சுவரைப் பற்றி முன்பே புகார் சொல்லியும் யாரும் கேட்கவில்லை என்று அந்த மக்கள் சொன்னார்கள். சுவரின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். மேட்டில் சுவர் வைத்திருப்பவர் தன் வீட்டுக்கு மட்டுமல்லாமல் கீழ்வீட்டு உயிர்களுக்கும் பொறுப்பாளி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். சென்னையிலோ மதுரையிலோ கூரைத் தண்ணீரை உறிஞ்சுகுழிக்குள் விடுவது நல்ல காரியம். வெட்டிய சரிவின் விளிம்பில் அதே குழியைத் தோண்டினால், எந்த மண் ஊறக்கூடாதோ அதற்குள்ளேயே தண்ணீரைச் செலுத்துகிறோம். இங்கே பொருத்தமானது தொட்டியில் சேமித்து, வழிவதைப் பூசிய கால்வாய் வழியாக ஓடைக்கு அனுப்புவது. செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் நீருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அது மழை இல்லாத மாதங்களிலும் சரிவை நனைத்துக்கொண்டே இருக்கும்.

இதெல்லாம் என்ஜினியரும் கான்ட்ராக்டரும் பார்க்கவேண்டியது, பணம் கொடுத்தவன் ஏன் கவலைப்படவேண்டும் என்று கேட்கலாம். கேள்வி நியாயம்தான், ஆனால் சட்டம் தரும் பாதுகாப்பு எல்லோருக்கும் ஒன்றுபோல இல்லை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பில்டரிடம் வாங்கிய வீட்டில் ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறையைச் சுட்டிக்காட்டினால், 30 நாட்களுக்குள் அவர் தம் செலவில் சரிசெய்து தரவேண்டும். சொந்த மனையில் கான்ட்ராக்டரை வைத்துக் கட்டியவருக்கு இந்தப் பிரிவு கைகொடுக்காது. அவருக்கு முக்கியத் துணை ஒப்பந்தக் காகிதம்தான். பல வீடுகளில் அந்தக் காகிதமே சதுர அடி ரேட்டோடு முடிந்துவிடுகிறது. அரசுப் பணிகளில் கான்ட்ராக்டரின் பணத்தில் ஒரு பகுதியைக் குறிப்பிட்ட காலம் பிடித்துவைப்பது பழைய வழக்கம். தனி வீட்டுக்கும் அதைச் செய்யலாம். குன்னூரில் அந்தக் காலத்தை மாதக் கணக்கில் எழுதாமல் ‘ஒரு வடகிழக்குப் பருவமழை முடியும்வரை’ என்று எழுதுவதே பொருத்தம். ஜனவரியில் ஒப்படைத்த வீட்டுக்கு ஆறு மாத உத்தரவாதம் என்றால், ஐப்பசி வருமுன்பே அது காலாவதியாகிவிடும்! கான்ட்ராக்டர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது உண்மையே. முழுத்தொகைக்கும் கேட்டால் மறுப்பார்கள். வடிகாலுக்கும் தடுப்புச்சுவருக்கும் உரிய பில்லை மட்டும் தனியாகப் பிரித்துவைத்தால் பேச இடமுண்டு. கூடவே, பூமிக்குள் போன குழாய்கள், டேங்க், சுவரின் அஸ்திவாரம் இவற்றின் வரைபடத்தையும் மூடுவதற்கு முன் எடுத்த போட்டோக்களையும் கடைசிப் பணம் கொடுக்கும் முன்பே வாங்கிவிட வேண்டும். பணம் கைமாறிய பிறகு அவை கிடைப்பது அபூர்வம்.

வெள்ளைக்காரன் கட்டிய பங்களாக்கள் நூறு வருடமாக நிற்கின்றனவே, அவற்றுக்கு யார் இவ்வளவு பார்த்தார்கள் என்பது இந்த ஊரில் அடிக்கடி கேட்கும் பேச்சு. அவற்றுக்கும் ஆள் வைத்துத்தான் பார்த்தார்கள். பெரும்பாலும் நல்ல சமதளத்தைத் தேடி, தாழ்வாக, ஓட்டுக்கூரையோடு கட்டினார்கள்; கால்வாய் வாரத் தோட்டக்காரர் இருந்தார். விழுந்துபோன பங்களாக்களை இன்று யாரும் எண்ணுவதில்லை என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு வந்த மலை ரயில் இன்றும் ஓடுகிறதென்றால், மழைக்காலத்தில் பாதையில் மண் சரியும்போதெல்லாம் ரயிலை நிறுத்திவிட்டு அதை அகற்றும் ஆட்கள் இருப்பதால்தான்.

இந்த விஷயத்தில் என் கவலை அதிகமும் வெளியூர் உரிமையாளர்களைப் பற்றியது. சென்னையிலும் பெங்களூரிலும் இருந்துகொண்டு கோடை விடுமுறைக்காக வீடு கட்டுகிறவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் மட்டுமே வீட்டைப் பார்க்கிறார்கள். புதுக் கான்கிரீட்டும் பூச்சும் மாதக்கணக்கில் ஈரத்தை வெளிவிடும். பூட்டிய அறைக்குள் மூடுபனியும் சேர்ந்தால் சுவரில் பூஞ்சை படரும். அது பரவாயில்லை, துடைத்துவிடலாம். வெளியே தடுப்புச்சுவர் லேசாக முன்பக்கம் புடைத்திருப்பதையோ, மேல்மண்ணில் புது விரிசல் ஓடுவதையோ, துளையிலிருந்து தெளிந்த நீருக்குப் பதில் சேறு கசிவதையோ பார்க்க ஆள் இல்லையென்றால் அதுதான் ஆபத்து. அப்படிப்பட்டவர்கள் மாதச் சம்பளத்துக்கு உள்ளூரில் ஒருவரை அமர்த்துங்கள். புரட்டாசி முடிவதற்குள் கால்வாயை வாரச் சொல்லுங்கள். ஐப்பசியில் ஒருமுறையாவது நேரில் வந்து, குடை பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து, தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள்.