ஒரு ராத்தல் கறி, ஐந்து பேர் சாப்பாடு!

வீட்டில் ஐந்து பேர். கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள். கையில் இருப்பதோ ஒரே ஒரு ராத்தல் கறி. அதாவது சுமார் 450 கிராம். இதை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் வயிறு நிறையச் சாப்பாடு போடவேண்டும்.

1973-ம் ஆண்டு அமெரிக்காவில் எத்தனையோ குடும்பத் தலைவிகளுக்கு இருந்த கவலை இதுதான்.

"அமெரிக்காவிலா கறிக்குப் பஞ்சம்?" என்று கேட்கலாம். பஞ்சம் இல்லை. விலைதான் கைக்கு எட்டவில்லை.

அங்கே பல குடும்பங்களில் மாட்டுக்கறி இல்லாத சாப்பாடு சாப்பாடே அல்ல. அந்தக் கறியின் விலை மளமளவென்று ஏறியது. பெண்கள் கொதித்து எழுந்தார்கள். 1973 ஏப்ரல் முதல் வாரத்தில், "கறி வாங்கமாட்டோம்" என்று நாடெங்கும் போராட்டம் நடத்தினார்கள். கடை வாசலில் அட்டை பிடித்து நின்றார்கள்.

அதற்குச் சில நாள் முன்பு, மார்ச் 29-ந் தேதி, ஜனாதிபதி நிக்சன் கறி விலைக்கு உச்சவரம்பு கட்டியிருந்தார். ஆனால், ஏற்கனவே ஏறி நின்ற விலைக்குத்தான் வரம்பு! "ஏறியது இறங்கவில்லையே!" என்பதுதான் பெண்களின் கோபம்.

போராட்டம் ஒரு வாரம் நடந்தது. சாப்பாடு தினமும் வேண்டுமே!

கறியைக் குறைத்தார்கள். மாக்கரோனியைக் கூட்டினார்கள்.

பாட்டி காலத்துச் சட்டி

மாக்கரோனி என்பது கோதுமை மாவைப் பிசைந்து, குழாய் போலப் பிழிந்து, காயவைத்த பண்டம். நடுவே துளை இருக்கும். முழங்கை போல வளைந்த மாக்கரோனிதான் இந்தச் சமையலுக்கு ஏற்றது. இத்தாலி நாட்டுச் சரக்கு. விலை மலிவு. வெந்தால் நன்றாக உப்பும்.

மாட்டின் நல்ல பாகங்களைத் துண்டுக் கறியாக விற்பார்கள். விலை அதிகம். மற்ற பாகங்களை இயந்திரத்தில் அரைத்துக் கொத்துக்கறியாக விற்பார்கள். இது விலை குறைவு, சீக்கிரமும் வேகும். கொத்துக்கறி, தக்காளி, மாக்கரோனி மூன்றையும் ஒரே சட்டியில் வேகவைப்பது அங்கே பாட்டி காலத்துப் பழக்கம்.

பெயர்தான் ஊருக்கு ஊர் மாறும். பல இடங்களில் இதற்குக் "கூலாஷ்" என்று பெயர். ஹங்கேரி நாட்டு மாட்டுக்காரர்களின் குழம்புக்கு உரிய பெயர் அது. அந்தக் குழம்பில் கொத்துக்கறியும் இல்லை, மாக்கரோனியும் இல்லை. பெயரை மட்டும் கடன் வாங்கிவிட்டார்கள்! வடகிழக்கே நியூ இங்கிலாந்துப் பக்கம் போனால், இதற்கே "அமெரிக்கன் சாப்சூயி" என்று பெயர். சைனாக்காரர் பார்த்தால் சிரிப்பார்.

உதவிக்கு வந்த பெட்டி

1971-ல் ஜெனரல் மில்ஸ் என்ற கம்பெனி, இந்தச் சமையலை அட்டைப் பெட்டியில் அடைத்து நாடெங்கும் விற்றது. "ஹாம்பர்கர் ஹெல்ப்பர்" என்று பெயர் வைத்தது. கொத்துக்கறிக்கு ஒத்தாசை செய்வது என்று பொருள். பெட்டிக்குள் காய்ந்த மாக்கரோனி போன்ற பண்டமும் மசாலாப் பொடியும் இருக்கும். கறி இருக்காது. அதை வீட்டுக்காரிதான் வாங்கவேண்டும்.

ஒரு ராத்தல் கறி, ஒரு பாத்திரம், ஒரு பெட்டி. ஐந்து பேர் சாப்பாடு முடிந்தது!

கறி விலை ஏறியதும் பெட்டிக்கு யோகம் அடித்தது. வேறு காரணமும் உண்டு. 1970-லேயே அமெரிக்கப் பெண்களில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் வேலைக்குப் போனார்கள். மாலையில் களைத்து வருகிறவளுக்கு, கழுவுவதற்கு ஒரே பாத்திரம் என்றால் கசக்குமா?

அந்நாளில் அட்டையின் மேலே பெட்டி கிராக்கர் என்று ஓர் அம்மாளின் பெயர் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அப்படி ஓர் அம்மாள் பிறக்கவே இல்லை! சமையல் சந்தேகம் கேட்டு வந்த கடிதங்களுக்குப் பதில் எழுத, 1921-ல் ஒரு மாவு கம்பெனி உண்டாக்கிய பெயர் அது. 1945-ல் ஒரு பத்திரிகை, நாட்டில் புகழ் பெற்ற பெண்களில் இவருக்கு இரண்டாம் இடம் கொடுத்தது. முதல் இடம் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினாருக்கு.

2022-ல் அந்தப் பெட்டி வியாபாரம் வேறு கம்பெனிக்குக் கை மாறியது. ஆனால் கறிக் கவலை மாறவில்லை. வறட்சியால் புல் காய்ந்தது. தீவனம் விலை ஏறியது. பண்ணைக்காரர்கள் மாடுகளைக் குறைத்தார்கள். 2025 தொடக்கத்தில் அமெரிக்காவில் இருந்த மாடுகள் 8 கோடியே 67 லட்சம். 1951-க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைந்ததில்லை. அந்த ஆண்டுக் கோடையில் ஒரு ராத்தல் கொத்துக்கறி ஆறு டாலரைத் தாண்டியது.

சமைப்பது எப்படி?

பெட்டி இல்லாமலும் செய்யலாம். அடி கனத்த அகலமான சட்டி வேண்டும்.

சட்டி நன்றாகச் சூடான பிறகு ஒரு ராத்தல் கொத்துக்கறியைப் போடவேண்டும். போட்டவுடன் கிளறக் கூடாது. அடிப்பக்கம் பழுப்பு நிறம் ஏறும்வரை விடவேண்டும். ருசி முழுவதும் அந்தப் பழுப்பில்தான் இருக்கிறது. அவசரப்பட்டுக் கிளறினால் தண்ணீர் விட்டு, கறி வெளிறி வெந்துபோகும். பிறகு உதிர்த்துவிட்டு, மிகுதியான கொழுப்பை வடிக்கவேண்டும்.

இனி, ஒரு பெரிய வெங்காயம், இரண்டு மூன்று பல் பூண்டு ஆகியவற்றை நறுக்கிப் போட்டு வதக்கவேண்டும். உப்பு, மிளகு, கொஞ்சம் மிளகாய்த் தூள் சேர்க்கவேண்டும். சுமார் 400 கிராம் தக்காளிக் கூழும், இரண்டரைக் கோப்பைத் தண்ணீரும் ஊற்றிக் கொதிக்கவிட்டு, அரை ராத்தல் மாக்கரோனியைப் பச்சையாகவே போட்டு மூடவேண்டும்.

இதில்தான் சூட்சுமம். மாக்கரோனியைத் தனியாக வேகவைத்தால் கஞ்சியை வடித்துக் கொட்டிவிடுவோம். ஒரே சட்டியில் வேகும்போது அந்தக் கஞ்சி சட்டியிலேயே தங்கிக் குழம்பைக் கெட்டியாக்குகிறது. கறியின் சாறும் மாக்கரோனியில் ஊறுகிறது. அரை ராத்தல் மாக்கரோனியும் கறியாக ருசிப்பது இதனால்தான்!

தக்காளியின் புளிப்பு இருப்பதால், வெறும் தண்ணீரில் வேகும் நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகும். கால் மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். தீ மிதமாக இருக்கட்டும். அடிக்கடி அடியோடு கிளறாவிட்டால் பிடித்துக்கொள்ளும்.

கொத்துக்கறியில் ஓர் ஆபத்து உண்டு. துண்டுக் கறியில் கிருமி மேலேதான் இருக்கும். அரைத்தால் உள்ளே முழுவதும் கலந்துவிடும். 1993-ல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், அரைவேக்காட்டுக் கொத்துக்கறியால் எழுநூறு பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். நான்கு குழந்தைகள் இறந்தன. கொத்துக்கறியில் 71 டிகிரி சென்டிகிரேடு சூடு ஏறவேண்டும் என்பது அந்நாட்டு விவசாய இலாகாவின் அறிவுரை. இந்தச் சட்டியில் கறி உதிர்ந்து வதங்கி, கால் மணி நேரம் கொதிப்பதால் அந்தச் சூடு தானாக ஏறிவிடும்.

இறக்கும்போது பாலாடைக் கட்டியைத் துருவித் தூவினால் பிள்ளைகள் மறு தடவை கேட்பார்கள். குழம்பு கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே இறக்கிவிடவேண்டும். மேசைக்குப் போவதற்குள் மாக்கரோனி மீதியையும் குடித்துவிடும். மிஞ்சியதைக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் கட்டியாக இருக்கும். அரைக் கோப்பைத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும்.