இராட்டினம் சுற்றினால் தண்ணீர் வரும் என்றார்கள்

தூர தேசத்து ஏழைப் பிள்ளைகளுக்கு விளையாட்டிடம் கட்டப் போகிறோம் என்று பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வருபவரை நம்மில் யாரும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. ஊஞ்சலும் சறுக்கும் இராட்டினமும் உள்ள படத்தைக் காட்டினால் கல்லாப்பெட்டி தானாகவே திறந்துகொள்ளும். கொடுப்பது நல்ல காரியம்தான். ஆனால் அதற்கு முன் ஆபிரிக்காவில் ஓர் இராட்டினத்துக்கு நேர்ந்ததை வியாபாரிகளாகிய நாம் அறிந்து வைத்திருப்பது நல்லது.

அதன் பெயர் பிளேபம்ப். தென்னாபிரிக்காவில் விளம்பரத் தொழிலில் இருந்த ட்ரெவர் பீல்ட் என்பவர் 1989 இல் ஒரு விவசாயக் கண்காட்சியில் அதைக் கண்டார். குழாய்க் கிணறு தோண்டும் ஒருவருடைய கண்டுபிடிப்பு அது. பிள்ளைகள் இராட்டினத்தைச் சுற்றச் சுற்ற, நிலத்தடித் தண்ணீர் உயரத்தில் இருக்கும் தாங்கிக்கு ஏறும். தாய்மார் கீழே குழாயைத் திறந்து குடத்தை நிரப்பலாம். தாங்கியின் நான்கு பக்கமும் பலகைகள். இரண்டில் சுகாதாரச் செய்தி, இரண்டில் கம்பனி விளம்பரம். அந்த விளம்பரக் காசில் பராமரிப்பு நடக்கும். பிள்ளைக்கு விளையாட்டு, ஊருக்குத் தண்ணீர், திருத்த வேலைக்கு வருமானம். கேட்கும்போது நமக்கே ஓர் ஏஜென்சி எடுக்கலாமா என்று தோன்றும்.

2000 ஆம் ஆண்டில் உலக வங்கியின் பரிசு அதற்குக் கிடைத்தது. 2006 இல் நியூயோர்க் மேடையொன்றில் அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி லோரா புஷ் 1 கோடி 64 இலட்சம் டொலர் உதவியை அறிவித்தார். அரசாங்கப் பணமும் இருந்தது, கேஸ் மன்றம் போன்ற தனியாரின் பணமும் இருந்தது. 2010 க்குள் பத்து ஆபிரிக்க நாடுகளில் 4,000 இராட்டினங்கள் என்பது இலக்கு. ஒன்றின் செலவு ஏறக்குறைய 14,000 டொலர். சாதாரண கைப்பம்பியைப் போல நான்கு மடங்கு.

இப்போது கல்குலேட்டரை எடுங்கள். ஒரு பம்பி 2,500 பேருக்குத் தண்ணீர் கொடுக்கும் என்றார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லீற்றர் என்றால் 37,500 லீற்றர் வேண்டும். நன்றாகச் சுற்றினால் மணிக்கு 1,400 லீற்றர் வரும் என்பது அவர்களே சொன்ன கணக்கு. வகுத்துப் பாருங்கள். பிள்ளைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 27 மணித்தியாலம் விளையாட வேண்டும்! 2009 இல் பிரித்தானியாவின் கார்டியன் பத்திரிகை இதை எழுதிய பிறகுதான் பலருக்கு உறைத்தது. கொப்பிக் கடைப் பையன் கூட இரண்டு நிமிடத்தில் போடக்கூடிய கணக்கு இது. கோடிக்கணக்கில் கொடுத்தவர்கள் எப்படிப் போடாமல் விட்டார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் விளங்காத விஷயம்.

இன்னொன்று. நாம் சின்ன வயதில் ஏறிய இராட்டினத்தை ஒருமுறை தள்ளிவிட்டால் அது பாட்டுக்குச் சுற்றும். தண்ணீர் இறைக்கும் இராட்டினம் அப்படியல்ல. தள்ளுவதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகவா இருக்கும்? மொசாம்பிக்கில் வயதான பெண்கள் குனிந்து குனிந்து அதைத் தள்ள வேண்டி வந்தது. பல இடங்களில் ஏற்கெனவே இருந்த கைப்பம்பியைக் கழற்றிவிட்டுத்தான் இதைப் பொருத்தியிருந்தார்கள். பழுதானால் திருத்த ஊரில் ஆள் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. விளம்பரப் பலகைகள் பல வெறுமையாகவே கிடந்தன. ஆளரவம் குறைந்த கிராமத்தில், கையில் காசில்லாத சனத்துக்கு எந்தச் சவர்க்காரக் கம்பனி விளம்பரம் போடும்?

நமது தொழிலில் சாமானுக்குக் காசு கொடுப்பவரே அதைப் பாவிப்பவரும். பிழையிருந்தால் மறுநாளே கொண்டுவந்து மேசையில் வைப்பார். தர்ம காரியத்தில் காசு கொடுப்பவர் ஒருவர், பாவிப்பவர் வேறொருவர். பாவிப்பவருக்குத் திருப்பிக் கொடுக்கக் கடை இல்லை. 2004 சுனாமிக்குப் பின் நமது கரையோரத்துக்கு வந்த இலவசப் படகுகளை நினைத்துப் பாருங்கள். சில ஊர்களில் தேவைக்கு மேல் வந்து குவிந்தன. கடலுக்கு உதவாதவையும் அவற்றில் இருந்தன. யாரிடம் போய்ச் சொன்னோம்?

கேஸ் மன்றத்தைப் பாராட்டத்தான் வேண்டும். திட்டம் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை என்று அதன் தலைவி ஜீன் கேஸ் 2010 இல் பகிரங்கமாகவே எழுதினார். மிஞ்சிய பம்பிகள் வேறொரு தொண்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டன. பிள்ளைகள் நிறைய உள்ள ஆரம்பப் பாடசாலைகளுக்கு அது ஓரளவு பொருந்தும் என்று சொன்னவர்களும் உண்டு.

இதை நான் எழுதக் காரணம், நமது பகுதி இளைஞர் ஒருவர் பங்களாதேஷின் கொக்ஸ் பஸார் முகாம்களில் உள்ள ரோஹிங்யாப் பிள்ளைகளுக்காகப் பணம் சேர்க்க வந்ததுதான். 2017 ஓகஸ்டுக்குப் பின் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தஞ்சம் புகுந்த இடம். அவர்களில் பாதிக்கு மேல் பிள்ளைகள். தம்பி கொண்டு வந்த மதிப்பீட்டில் இரும்பு ஊஞ்சல், கொங்கிரீட் அத்திவாரம், நன்கொடையாளர் பெயர் பொறித்த கல் எல்லாம் இருந்தன.

"தம்பி, அங்கே கொங்கிரீட் போட விடுவார்களா?" என்று கேட்டேன். அந்த முகாம்களில் நிரந்தரக் கட்டடங்களுக்கு அரசாங்கம் இடம் கொடுப்பதில்லை. மூங்கிலும் தார்ப்பாயும்தான். மூங்கிலோ மழையிலும் பூச்சியிலும் சில வருடங்களில் உளுத்துவிடும். அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகு ஊஞ்சல் மரத்தை யார் மாற்றுவது, அவருக்குக் கூலி எங்கிருந்து வரும் என்றும் கேட்டேன்.

"விசாரித்துச் சொல்கிறேன் நானா" என்று போனவர் மூன்று வாரம் கழித்து வந்தார். அங்கே வேலை செய்பவர்களோடு பேசியிருக்கிறார். புதிய மதிப்பீட்டில் மூங்கிலும் கயிறும் இருந்தன. முகாமிலேயே உள்ள தச்சர்களுக்கான கூலி இருந்தது. மொத்தத் தொகையில் பாதி, அடுத்த மூன்று வருடத் திருத்த வேலைக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. பெயர்க்கல்லைக் காணவில்லை. எங்கள் தெருவில் பதினொரு கடைகள் அந்தத் தாளைப் பார்த்துத்தான் பற்றுச்சீட்டு எழுதிக்கொண்டன.