கடலுக்கு அப்பால் ஆறு நாட்கள்

மாரடைப்பிலிருந்து மீண்ட ஒருவரும் அவரைப் பேணிய ஒருவரும் தீவு ஒன்றுக்கு விடுமுறையில் செல்லலாமா என்னும் கேள்வி எங்கள் வீட்டில் மூன்று மாதங்கள் பேசப்பட்டது. எங்களில் கணவருக்கு வயது 61. பயணத்திற்குப் பத்து மாதங்களுக்கு முன் இம்மருத்துவமனையில் அவருக்கு ஆஞ்சியோபிளாஸ்டி செய்யப்பட்டு இரண்டு ஸ்டென்ட்கள் பொருத்தப்பட்டன. மனைவிக்கு வயது 57. மாத்திரை வேளைகளை நினைவில் வைப்பதும், உப்பைக் குறைத்துச் சமைப்பதும், இரவில் விழித்துக் கணவரின் மூச்சொலியைக் கேட்டுவிட்டு மீண்டும் படுப்பதும் அவருடைய அன்றாடக் கடமைகளாயின. நோயுற்றவர் தேறி வந்தார். பேணியவரோ களைத்துப் போனார். ஓய்வு தேவைப்பட்டது இருவருக்கும் என்பதை உணர்ந்த பின்னரே எங்கே செல்வது என்று பேசத் தொடங்கினோம்.

அந்தமானைக் காண வேண்டும் என்பது திருமணமான காலத்திலிருந்தே எங்களுக்கிருந்த ஆசை. ஆயினும் அது சென்னையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கு மேல் கடலுக்கு அப்பால் உள்ளது. இரவு நேரத்தில் நெஞ்சு வலித்தால் யாரிடம் ஓடுவது? இக்கேள்விக்கு விடை காணாமல் பயணச்சீட்டு வாங்குவதில்லை என்று உறுதி செய்துகொண்டோம்.

இதயநோய் மருத்துவரிடம் சென்றபோது அவர் எங்கள் ஆசையை மறுக்கவும் இல்லை, உடனே இசையவும் இல்லை. எக்கோ பரிசோதனையும் டிரெட்மில் பரிசோதனையும் செய்து முடிவுகளைப் பார்த்தார். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, நெஞ்சில் இறுக்கம் தோன்றுகிறதா என்று கேட்டார். அதன் பின்னரே, "சென்று வாருங்கள், ஆனால் ஸ்கூபா வேண்டாம், வெயிலில் நீண்ட நடை வேண்டாம், இரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரைகளை ஒரு நாளும் விட வேண்டாம்" என்றார். இந்த மூன்று விலக்குகளும் எங்களுக்குச் சுமையாகத் தோன்றவில்லை. எது கூடாது என்பது தெளிவானதால், மற்றவற்றை அச்சமின்றிச் செய்யலாம் என்னும் துணிவு பிறந்தது.

மாத்திரைகளைப் பத்து நாட்களுக்குப் போதுமான அளவில் வாங்கி இரண்டு பங்காகப் பிரித்தோம். இரண்டையும் கைப்பைகளிலேயே வைத்தோம். விமானத்தில் ஏற்றி அனுப்பும் பெட்டியில் ஒன்றையும் வைக்கவில்லை. நெஞ்சு வலித்தால் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை கணவரின் சட்டைப் பையிலேயே இருந்தது. டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி ஈ.சி.ஜி., மருந்துச்சீட்டு ஆகியவற்றின் நகல்களைத் தாளாகவும் கைபேசியில் படமாகவும் எடுத்துச் சென்றோம். கப்பலில் குமட்டல் வராமலிருக்க உட்கொள்ளும் மாத்திரையைக்கூட மருத்துவரைக் கேட்டே வாங்கினோம். அத்தகைய மாத்திரைகள் உறக்கத்தைத் தரும் என்பதால் மற்ற மருந்துகளோடு பொருந்துமா என்று அறிவது நலம்.

பிப்ரவரி மாதத்தைத் தேர்ந்தெடுத்தது கடலின் பொருட்டே. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் அங்கே கடல் கொந்தளிக்கும். தீவுகளுக்கிடையே செல்லும் கப்பல்கள் நின்றுபோவதும் உண்டு. நோயாளியோடு செல்பவர் கரை திரும்ப இயலாத பருவத்தில் தீவுக்குச் செல்லலாகாது.

விமானம் இரண்டரை மணி நேரத்திற்குள் ஸ்ரீ விஜயபுரத்தை அடைந்தது. 2024 வரை போர்ட் பிளேர் என்று வழங்கிய நகரம் இதுவே. முதல் நாள் செல்லுலார் சிறையைக் கண்டோம். 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட அச்சிறையின் ஏழு சிறகுகளில் இன்று மூன்றே எஞ்சியுள்ளன. விடுதலைக்குப் போராடியோரைத் தனித்தனி அறைகளில் அடைத்த அவ்வளாகத்தில் இப்போது கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை இயங்குகிறது. தீவுகளின் பெரிய அரசு மருத்துவமனை அதுவே. துன்புறுத்திய இடத்தில் இன்று நோய் தீர்க்கிறார்கள் என்னும் எண்ணம் எங்களை நெகிழச் செய்தது. எங்கள் கேள்விக்கு விடையின் ஒரு பாதியும் அங்கே கண்முன் நின்றது. மறு பாதி கடலடியில் உள்ளது. சென்னையிலிருந்து இடப்பட்ட ஒளியிழை வடம் 2020-இல் பயன்பாட்டுக்கு வந்த பின், ஸ்வராஜ் தீவு உள்ளிட்ட தீவுகளிலிருந்து நம் மருத்துவரை அழைத்துப் பேசுவது எளிதாயிற்று.

ஹேவ்லாக் என்று முன்பு அழைக்கப்பட்ட ஸ்வராஜ் தீவில் மூன்று இரவுகள் தங்கினோம். அங்கே ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. பெரிய சிகிச்சைக்குக் கடல் கடந்து நகருக்கே வர வேண்டும். ஆகையால் விடுதியை இறங்குதுறைக்கு அருகிலேயே அமர்த்திக்கொண்டோம். நீரிழிவு உள்ளவர்கள் மற்றொன்றையும் கருத வேண்டும். அந்தமான் வெகு கிழக்கே இருப்பினும் கடிகாரம் இந்திய நேரத்தையே காட்டுகிறது. பிப்ரவரியில் மாலை ஐந்தரை மணியளவில் கதிரவன் மறைந்துவிடுகிறது. இருள் கண்டு உணவையும் மருந்தையும் முன்கூட்டிக் கொள்ளாமல் கடிகாரப்படியே நடப்பது நன்று. காலை ஒன்பது மணிக்கே வெயில் சுடுவதால் எங்கள் நடையை விடியலுக்கும் மாலைக்கும் ஒதுக்கினோம். ராதாநகர் கடற்கரையின் மணலுக்குப் பின்னே உயர்ந்து நிற்கும் மரங்களின் நிழலில், ஒருவரையொருவர் நலம் விசாரிக்காமல், நெடுநேரம் அமர்ந்திருந்தோம். பத்து மாதங்களில் எங்கள் பேச்சு நோயைச் சுற்றியே இருந்துவந்ததை அன்றுதான் அறிந்தோம்.

நீல் என்னும் பெயர் மாறி இன்று ஷஹீத் தீவு என வழங்கும் இடத்தில் இப்பயணத்தின் முக்கியமான அரை மணி நேரம் கழிந்தது. பரத்பூர் கடற்கரையில் கண்ணாடி அடித்தளப் படகில் பவளப்பாறைகளைக் காட்டுகிறார்கள். கணவருக்குக் களைப்பாக இருந்தது. "நீ போய்ப் பார்த்துவிட்டு வா, நான் நிழலில் இருக்கிறேன்" என்றார். மனைவி தயங்கினார். நோய் வந்த நாள் முதல் கணவரைத் தனியே விட்டு அவர் அத்தனை தொலைவு சென்றதில்லை. இறுதியில், "மாத்திரைப் பை உங்களிடமே இருக்கட்டும்" என்று கொடுத்துவிட்டுப் படகேறினார். கண்ணாடியின் கீழே நீல மீன்களும் மூளை வடிவப் பவளங்களும் கடந்து சென்றன. அவர் கரையைத் திரும்பிப் பார்த்தது இருமுறையே. கரையில் இருந்தவரோ பத்தரை மணி மாத்திரையைத் தாமே எடுத்து உட்கொண்டார். அன்று முதல் மாத்திரைப் பை அவர் பொறுப்பிலேயே உள்ளது. அன்றிரவு மனைவி விழிக்காமல் உறங்கினார்.

எங்களைப் போன்ற குடும்பங்களுக்குச் சொல்ல விரும்புவது இதுவே. விடுமுறை நோயை மறக்கச் செய்வதில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் முறையாக ஆயத்தம் செய்துகொண்டால், காவல் காக்கும் வேலையிலிருந்து பேணுபவருக்கும், காக்கப்படும் நிலையிலிருந்து நோயுற்றவருக்கும் சற்றே விடுதலை கிடைக்கிறது. செல்லும் இடம் அந்தமானாக இருக்க வேண்டியதில்லை. ஒரு நாள் பயணமாயினும் போதும். முதலில் மருத்துவரிடம், "எது கூடாது?" என்று கேளுங்கள். அருகில் உள்ள மருத்துவமனை எது, அங்கே சென்றுசேர எவ்வளவு நேரமாகும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நோயுற்றவர் தம்மால் இயன்ற ஒரு பொறுப்பையாவது தாமே ஏற்கட்டும். பேணுபவர் தமக்கென்று அரை மணி நேரத்தையாவது எடுத்துக்கொள்ளட்டும். அதனால் அன்பு குறைந்துவிடாது.