ஆன்சிபிள் மூலம் ஃபயர்பாக்ஸ்: 'ஓகே'ன்னு வந்தா போதுமா?

ஒரு கல்லூரி ஆய்வகத்தை நினைச்சுக்கோங்க. 40 கணினி, எல்லாத்துலயும் உபுண்டு 22.04. எல்லாத்துலயும் ஃபயர்பாக்ஸ் வேணும். அதுவும் ஸ்னாப் பொதியா இல்லாம, டெப் பொதியா வேணும். இதை ஆன்சிபிள் வச்சு எப்படிச் செய்யறதுன்னு இன்னைக்குப் பார்க்கலாம்.

ஒவ்வொரு கணினியா உட்கார்ந்து நிறுவினா என்ன? ஒரு தடவைன்னா சமாளிக்கலாம். ஆனா ஃபயர்பாக்ஸுக்குச் சுமார் 4 வாரத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வருது, கூடவே பாதுகாப்புத் திருத்தங்களும் வருது. 39 கணினியைப் புதுப்பிச்சு ஒண்ணை விட்டுட்டா, ஒரு மாணவர் தன்னோட பேங்க் கணக்கைத் திறக்கிறது அந்த ஒண்ணுலயா இருக்கலாம்.

ஆன்சிபிள் 2012-ல மைக்கேல் டிஹான் வெளியிட்ட கருவி. 2015-ல ரெட் ஹேட் அதை வாங்கினாங்க. ஆய்வகக் கணினிகள்ல இதுக்குன்னு தனி மென்பொருள் எதுவும் வேண்டாம், எஸ்.எஸ்.எச். இணைப்பும் பைத்தானும் இருந்தா போதும். கணினிகளோட பட்டியலுக்கு இன்வென்டரின்னு பேர். அந்தக் கணினிகள் எப்படி இருக்கணும்னு எழுதற கோப்பு பிளேபுக்.

'எப்படி இருக்கணும்' என்பதுதான் இங்கே முக்கியம். 'ஃபயர்பாக்ஸை நிறுவு'ன்னு நாம கட்டளை போடறதில்ல. 'ஃபயர்பாக்ஸ் இருக்கணும்'னு நிலையைச் சொல்றோம். ஏற்கெனவே இருந்தா ஆன்சிபிள் தொடாது, பச்சையில 'ஓகே'ன்னு காட்டும். இல்லன்னா நிறுவிட்டு மஞ்சள்ல 'சேஞ்ச்ட்'னு காட்டும். பத்து தடவை ஓட்டினாலும் விளைவு ஒண்ணுதான்.

சிக்கலும் இங்கேதான் வருது. உபுண்டு 22.04-ல ஃபயர்பாக்ஸ்ங்கிற பேர்ல ஒரு டெப் பொதி இருக்கு. ஆனா அதுக்குள்ள பிரவுசர் கிடையாது. அது ஸ்னாப் ஃபயர்பாக்ஸுக்கு வழிகாட்டற வெறும் கைகாட்டிப் பலகை. பேர் பொருந்திப் போறதால ஆன்சிபிள் 'ஓகே'ன்னு சொல்லிடும். 40 பச்சை வரி வரும், ஆனா ஓடறது ஸ்னாப்தான்.

அதனால பிளேபுக்கை இந்த வரிசையில எழுதலாம்:

1. மொசில்லாவோட ஏ.பி.டி. களஞ்சியத்தையும் அதோட கையொப்பச் சாவியையும் சேர்க்கணும். ஃபயர்பாக்ஸ் 122 வெளிவந்த 2024 ஜனவரியில இருந்து மொசில்லாவே டெப் பொதியைத் தர்றாங்க.

2. அந்தக் களஞ்சியத்துக்கு முன்னுரிமை எண் 1000 கொடுக்கணும். உபுண்டுவோட கைகாட்டிப் பொதிக்குப் பதிப்பு எண் '1:' என்று தொடங்கும். அந்த முன்னொட்டு இருந்தாலே ஏ.பி.டி. கணக்குப்படி அது 122-ஐ விடப் பெரிசு. முன்னுரிமை கொடுக்கலன்னா உபுண்டு பொதிதான் ஜெயிக்கும்.

3. நிறுவியிருக்கிற டெப் பொதியோட பதிப்பு எண்ல 'ஸ்னாப்'ங்கிற சொல் இருந்தா மட்டும் அதை நீக்கணும். இந்த நிபந்தனை இல்லன்னா, அடுத்த தடவை ஓட்டும்போது நாம நிறுவின நல்ல பொதியும் சேர்ந்து போயிடும். ஸ்னாப் ஃபயர்பாக்ஸை நீக்கறது தனி வேலை.

4. கடைசியா 'ஃபயர்பாக்ஸ் இருக்கணும்'. 'பிரசன்ட்'னு எழுதினா இருந்தாலே போதும்னு விட்டுடும். பதிப்பும் புதுசா இருக்கணும்னா 'லேட்டஸ்ட்'னு எழுதணும்.

மூணாவது படிக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை. ஸ்னாப் ஃபயர்பாக்ஸ்ல சேமிச்ச புக்மார்க், கடவுச்சொல் எல்லாம் பயனரோட ஹோம் அடைவுல இருக்கிற ஸ்னாப் அடைவுக்குள்ளதான் இருக்கும். ஸ்னாப்பை நீக்கினா அதுவும் அந்த இடத்துல இருக்காது. அதனால முதல்ல அதை நகல் எடுத்து வைங்க. இதை எந்தக் கருவியும் உங்களுக்காக யோசிக்காது.

ஓட்டும்போதும் நிதானம் வேணும். முதல்ல 'செக்' முறையில ஓட்டினா, எதையும் மாத்தாம என்னென்ன மாறும்னு மட்டும் காட்டும். அப்புறம் 'லிமிட்' கொடுத்து ஒரே ஒரு கணினியில ஓட்டுங்க. பிரவுசரைத் திறந்து பாருங்க, பதிப்பைச் சரிபாருங்க. அதுக்கப்புறம் மீதி 39-க்குப் போகலாம்.

நாம கேட்ட நிலை வந்துடுச்சுன்னு மட்டும்தான் 'ஓகே' சொல்லும். நாம சரியாக் கேட்டோமான்னு பார்க்கிற வேலை நம்மோடதுதான். கேள்வி இருந்தா எழுதுங்க. அடுத்த பகுதியில சந்திப்போம்.