ஏ.எஸ்.ஆர். உலோக இடுப்பு மூட்டு

ஏ.எஸ்.ஆர். என்பது ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த டீபை நிறுவனம் தயாரித்த செயற்கை இடுப்பு மூட்டு ஆகும். 2010 ஆகஸ்டில் இது உலகம் முழுவதிலிருந்தும் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 93,000 பேருக்குப் பொருத்தப்பட்டிருந்தது. இந்தியாவில் மட்டும் சுமார் 4,700 அறுவை சிகிச்சைகள்.

இடுப்பு மூட்டில், தொடை எலும்பின் உருண்டையான தலை இடுப்பெலும்பின் குழிக்குள் சுழல்கிறது. 1960களில் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி உலோகப் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமும் கொண்ட செயற்கை மூட்டை வெற்றிகரமாக்கினார். பிளாஸ்டிக் நாளடைவில் தேயும். எனவே பந்து, கிண்ணம் இரண்டையும் கோபால்ட்-குரோமியம் கலப்புலோகத்தால் செய்தால் நீண்டகாலம் உழைக்கும் என எண்ணினார்கள். நியாயமான எண்ணம்தான்.

ஆனால் திருத்தணி மலையின் 365 படிகளில் ஒவ்வொன்றை ஏறும்போதும் இடுப்பு மூட்டு உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு சுமையைத் தாங்குகிறது. ஏ.எஸ்.ஆர். கிண்ணம் ஆழம் குறைந்தது. அது சற்றே சாய்ந்து பொருந்திவிட்டாலும் சுமை முழுவதும் விளிம்பில் விழுந்து, உலோகத்தோடு உலோகம் உரசி நுண்துகள்கள் உதிரும். புதிதாகக் கொத்திய ஆட்டுக்கல்லில் முதலில் அரைத்த மாவைக் கொட்டிவிடுவோம், கல்துகள் இருக்கும் என்று. மூட்டுக்குள் உதிர்வதைக் கொட்ட வழியில்லை. அத்துகள்கள் சுற்றியுள்ள தசையை அழிக்கும், எலும்பை அரிக்கும். கோபால்ட் இரத்தத்தில் கலக்கும். இங்கிலாந்து-வேல்ஸ் பதிவேட்டின்படி ஐந்தே ஆண்டுகளில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு மறு அறுவை தேவைப்பட்டது.

ஆஸ்திரேலியாவில் 1999 முதல் மூட்டு மாற்றுப் பதிவேடு இருந்ததால் இக்குறை அங்கே முன்னதாகவே வெளிப்பட்டு, 2009 இறுதியில் விற்பனை நின்றது. இந்தியாவில் இறக்குமதி உரிமம் ரத்தானது 2012இல். மத்திய அரசு நிபுணர் குழு அமைத்தது 2017இல். அதன் அறிக்கை வந்தபோதும் ஆயிரத்துச் சொச்சம் பேரைத்தான் கண்டறிய முடிந்திருந்தது. குழு குறைந்தபட்சம் 20 லட்சம் ரூபாய் இழப்பீடு பரிந்துரைத்தது. பின்னர் வந்த கணக்கீட்டு முறை 30 லட்சம் முதல் 1.23 கோடி வரை என்றது. ஆளே தெரியாதபோது இழப்பீட்டை யாரிடம் கொடுப்பது?

எங்கள் ஊர்க்காரர்கள் மூட்டு அறுவைக்குச் சென்னை, வேலூர், திருப்பதி என ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள். வீடு திரும்பியதும் காகிதங்கள் பரணுக்குப் போய்விடும். பொருத்திய மூட்டின் பெயரும் எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு அந்தக் காகிதங்களில்தான் இருக்கும். உலோகத்தோடு உலோகம் உரசும் வகை என்று அதிலிருந்து தெரியவந்தால், வலி இல்லாவிட்டாலும் இரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவைப் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 7 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் ஸ்கேன் உட்பட மேல்பரிசோதனை தேவை என்பது பிரிட்டன் வகுத்த அளவுகோல். இன்று பொருத்தப்படுபவை பெரும்பாலும் மேம்படுத்தப்பட்ட பிளாஸ்டிக் அல்லது பீங்கான் கிண்ணம் கொண்டவை. அவற்றுக்கு இந்தச் சோதனை வழக்கமாகத் தேவைப்படுவதில்லை.