டி.என்.ஏ.வை மவுஸால் சுழற்றிப் பார்க்கலாம்!

வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் கொடுத்தாகிவிட்டதா? பிளஸ் டூ உயிரியல் படிக்கும் பிள்ளையும் வீட்டில் உண்டா? அப்படியானால் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள். எந்த சாஃப்ட்வேரும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். பிரவுசர் ஒன்றே போதும்.

ஆர்.சி.எஸ்.பி. டாட் ஓ.ஆர்.ஜி. என்ற தளத்துக்குச் செல்லுங்கள். இது புரதம், டி.என்.ஏ. போன்ற மூலக்கூறுகளின் வடிவங்களைச் சேமித்து வைத்திருக்கும் உலகப் பொதுக் களஞ்சியம். கட்டணம் கிடையாது. தேடும் பெட்டியில் 1 என்ற எண்ணையும், தொடர்ந்து பி, என், ஏ என்ற ஆங்கில எழுத்துகளையும் இடைவெளி விடாமல் டைப் செய்து என்டர் தட்டுங்கள். திறக்கும் பக்கத்தில் 'ஸ்ட்ரக்சர்' என்பதை கிளிக் செய்தால் முப்பரிமாணப் படம் வரும். இடது பட்டனை அழுத்தியபடி மவுஸை இழுத்தால் படம் சுழலும். வீலை உருட்டினால் பெரிதாகும், சிறிதாகும். சுற்றிலும் சிதறித் தெரியும் சிவப்புப் புள்ளிகள் தண்ணீர் மூலக்கூறுகள், அவற்றை விட்டுவிடலாம்.

நீங்கள் பார்ப்பது 12 ஜோடிகள் கொண்ட சிறிய டி.என்.ஏ. துண்டு. டிக்கர்சன் குழுவினர் இதைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, 1980-81ல் வடிவத்தை வெளியிட்டார்கள். வெளிப்பக்கம் ஓடும் இரண்டு பட்டைகளும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிக் கோத்தவை. உள்ளே படிகள். அடினைனுக்குத் தைமின் ஜோடி, இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு. குவானைனுக்குச் சைட்டோசின், மூன்று பிணைப்பு. படிக்குப் படி 0.34 நானோமீட்டர், சுமார் 10 படிக்கு ஒரு சுற்று.

இந்தத் துண்டின் வரிசை: சி ஜி சி ஜி ஏ ஏ டி டி சி ஜி சி ஜி. எதிர் இழையை அதன் 5' முனையிலிருந்து படியுங்கள். அதே வரிசைதான் வரும்! இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன என்று புத்தகம் சொல்வதன் பொருள் இங்கே பளிச்சென்று புரியும். நடுவில் இருக்கும் ஜி ஏ ஏ டி டி சி, உயிரித்தொழில்நுட்பப் பாடத்தில் வரும் ஈகோ ஆர் ஒன் என்சைம் வெட்டும் அதே இடம்.

அடுத்து, சுருளைச் செங்குத்தாக நிறுத்துங்கள். நமக்கு முன்னால் தெரியும் பட்டை இடது கீழிருந்து வலது மேலாக ஏறுகிறதா? சாதாரண ஸ்குரூவின் மரையும் இப்படித்தான் ஏறும். இதுவே வலக்கை முறுக்கு. திருவேற்காட்டில் எங்கள் வீட்டருகே ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் போர்டில் டி.என்.ஏ. இடப்பக்கமாக முறுக்கியிருக்கிறது. உலகெங்கும் எத்தனையோ லோகோக்களில் இதே தவறு. காரணம் எளிது. சரியான படத்தைப் பெயின்ட்டில் திறந்து 'ஃப்ளிப் ஹரிசான்டல்' கொடுத்துப் பாருங்கள், முறுக்கு மாறிவிடும். தலைகீழாக்கும் 'ரொட்டேட் 180' கொடுத்தால் மாறாது. தேர்வில் படம் வரையும் மாணவர்கள் இதை மறக்க வேண்டாம்.

இந்த முறுக்கைப் பற்றி விஞ்ஞானிகளே சந்தேகப்பட்ட காலம் உண்டு. அதில் சென்னைக்கும் தொடர்பிருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கொலாஜன் புரதம் மூன்று இழைச் சுருள் என்று 1954-55ல் காட்டினார். புரதங்கள் எப்படியெல்லாம் மடங்கலாம் என்று கணக்கிட்டு, சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் அவர் 1963ல் வெளியிட்ட வரைபடம் இன்றும் ராமச்சந்திரன் வரைபடம் என்றே வழங்குகிறது. பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றிய சசிசேகரன், வாட்சனும் கிரிக்கும் 1953ல் சொன்ன வலச் சுருள் மட்டும்தான் சாத்தியமா என்று 1976ல் கேள்வி எழுப்பினார். இழைகள் ஒன்றையொன்று முழுவதும் சுற்றாமல், வலமும் இடமுமாக மாறி மாறி முறுக்கி, பக்கத்தில் பக்கத்தில் ஓடலாம் என்ற மாதிரியை அவர் குழு முன்வைத்தது. நியூசிலாந்திலும் அதே ஆண்டு இதே போன்ற யோசனை எழுந்தது.

அசட்டுக் கேள்வி அல்ல இது. அதுவரை கையிலிருந்தவை டி.என்.ஏ. நார்களின் எக்ஸ் கதிர்ப் படங்கள். அவற்றில் அணுக்களைத் தனித்தனியே பார்க்க முடியாது. 1979ல் அலெக்சாண்டர் ரிச் குழுவினர் முதன்முறையாகப் படிகத்தில் விவரமாகப் பார்த்தபோது, கிடைத்தது இடச் சுருள்! அதற்கு இசட் டி.என்.ஏ. என்று பெயர். அடுத்து வந்ததுதான் உங்கள் திரையில் இருக்கும் துண்டு. செல்லில் வழக்கமாக உள்ள பி வகை வலச் சுருளே என்பதை அது உறுதிசெய்தது. அந்த இடச் சுருளையும் இதே களஞ்சியத்தில் 'இசட் டி.என்.ஏ.' என்று தேடிப் பார்க்கலாம். இரண்டையும் பக்கத்துப் பக்கத்து விண்டோவில் வைத்துச் சுழற்றுங்கள்.